ஒரு வரியில் எத்தனை தாவல்?

பினாங்கு ரோடு சௌராஸ்தா மார்க்கெட்டில் கீழே ஜாதிக்காய் ஜெருக், அதாவது ஊறுகாய், வாங்குவார்கள், மாடியில் பழைய புத்தகம் வாங்குவார்கள். நான் இரண்டுக்கும் போகிறவள். மாடிக் கடைகளில் ஆங்கிலமும் மலாயும் சீனமும் கூரையைத் தொடும். தமிழ் தட்டுப்படுவது எப்போதாவதுதான், யாராவது வீடு மாற்றும்போது மூட்டையாகக் கொண்டுவந்து போட்டிருந்தால். போன மாதம் அப்படி ஒன்று கிடைத்தது. அட்டை போன பழைய நாவல், ஐந்து வெள்ளி.

அங்கேயே நின்று முதல் பக்கத்தைப் படித்தேன். நடக்கும்போது கால் தடுக்குவது போல இருந்தது. எல்லாம் தெரிந்த சொற்கள்தான். ஆனால் ‘லை’, ‘ணை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய வடிவம். ‘றா’வும் ‘னா’வும் துணைக்கால் இல்லாமல் தாமே சுழித்துக்கொண்டிருந்தன. 1978-இல் தமிழ்நாட்டு அரசு மாற்றிய எழுத்துகள் இவை. நான் பள்ளியில் படித்தது புது எழுத்து. மூன்றாம் பக்கம் வந்தபோது தடுக்கல் நின்றுவிட்டது. அப்புறம் தும்பிக்கை இருந்ததே ஞாபகம் இல்லை.

அந்த மூன்று பக்கத்தில் என் கண்ணிலும் மூளையிலும் என்ன நடந்தது? ‘எனக்கு இந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும், அந்த மாதிரி பிடிக்காது’ என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது தவளை. தாவும், நிற்கும், மறுபடி தாவும். பாரிஸில் கண் மருத்துவராக இருந்த எமில் ஜவால் 1870களிலேயே இதைப் பற்றி எழுதத் தொடங்கினார். ஒவ்வோர் இடத்திலும் கண் ஏறத்தாழ கால் நொடி நிற்கிறது. தாவலுக்கு ஏறத்தாழ அதில் எட்டில் ஒரு பங்கு நேரமே ஆகும். தாவுகிற நேரத்தில் கண் எதையும் படிப்பதில்லை. அந்த மங்கலை மூளை நமக்குக் காட்டுவதும் இல்லை. நம்பாவிட்டால் கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

ஏன் இப்படித் தாவ வேண்டும்? கண்ணில் கூர்மையாகப் பார்க்கும் இடம் மிகச் சின்னது. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். மீதியெல்லாம் குத்துமதிப்பு. ஆங்கிலம் படிப்பவர் ஒரு தாவலில் ஏழெட்டு எழுத்து நகர்கிறார். நின்ற இடத்திலிருந்து இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்தும், வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்தும் அவருக்குப் பயன்படுகின்றன. கண்ணின் அசைவுக்கு ஏற்பத் திரையில் எழுத்துகளை மாற்றும் ஏற்பாட்டை வைத்து 1970களின் நடுவில் தொடங்கி அளந்த கணக்கு இது. அப்புறம் ஹீப்ருவும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஹீப்ரு படிக்கும்போது இந்த ஜன்னல் இடப்பக்கம் அகன்றது. அதே ஆள் ஆங்கிலம் படிக்கும்போது வலப்பக்கம் அகன்றது. ஆக, ஜன்னல் கண்ணின் அமைப்பு அல்ல, பழக்கம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் காலையில் தமிழும் மாலையில் அரபும் படிக்கிற பிள்ளைகளுக்கும் நாளுக்கு இருமுறை அந்த ஜன்னல் இப்படித்தான் திரும்ப வேண்டும்.

இன்னொன்று. எல்லாச் சொல்லிலும் கண் நிற்பதில்லை. ஆங்கிலத்தில் பெயர், வினை போன்ற கனமான சொற்களில் பெரும்பாலும் நிற்கும். இடையில் வரும் குட்டிச் சொற்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டைத் தொடாமலே தாண்டிவிடும். அடிக்கடி பார்த்த சொல்லில் கொஞ்ச நேரம், அரிய சொல்லில் கூடுதல் நேரம். அடுத்து இதுதான் வரும் என்று ஊகிக்க முடிந்தால் பல நேரம் நிற்காமலே போகும். பத்துத் தாவலில் ஒன்றோ ஒன்றரையோ பின்னோக்கிப் போகும், விட்டதை எடுக்க.

தமிழில் தாண்டிப்போக அந்தக் குட்டிச் சொற்களே அதிகம் இல்லை. ஆங்கிலம் தனித்தனியாக எழுதுவதை நாம் வாலாக ஒட்டிவிடுகிறோம். ‘வீட்டிலிருந்து’, ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம்’. இரண்டாவது சொல்லை ஒரே நிறுத்தத்தில் விழுங்குவது யாருக்கும் சிரமம். இதே போல ஒட்டிக்கொண்டே போகும் ஃபின்னிஷ் மொழியில் நீளமான கூட்டுச்சொற்களில் கண் இரண்டு முறை இறங்குவதை அளந்திருக்கிறார்கள். இதோடு நமக்கு ஒரு கொசுறும் உண்டு: ‘கெ’, ‘கே’, ‘கை’ என்று எழுதும்போது பின்னால் ஒலிக்கிற உயிரின் குறி முன்னால் நிற்கிறது. இந்தியிலும் ஒரு குறி இப்படி முன்னால் நிற்கும். அந்தக் குறி உள்ள சொற்களை வாசிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆவதாக அங்கே சோதனையில் தெரிந்தது. பழகியவருக்கு அது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. பழகாதவருக்கு வரிக்கு வரி ஒரு சின்னக் கல்.

பழகாத ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். மகளுக்குப் பதினான்கு வயது, படிவம் இரண்டு. டிராகனும் மந்திரவாளும் வருகிற தடிமனான ஆங்கில நாவல்களை வாரத்துக்கு ஒன்றாக முடிப்பாள். தமிழ்ப் புத்தகம் கொடுத்தால், “போர் மா” என்பாள். அவளுடைய டிராகன்கள் எனக்கு ஒத்துவராது. அவரவர் ரசனை என்று விட்டிருந்தேன்.

இன்றைய கருவிகள் வராத காலத்தில் ஆய்வாளர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பக்கத்தின் நடுவில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டு, காகிதத்துக்குப் பின்னாலிருந்து படிப்பவரின் கண்ணைப் பார்ப்பது. நானும் செய்து பார்த்தேன். அவளுக்குப் பிடித்த நாவலில் ஒரு பக்கம், ஒரு தமிழ்ச் சிறுகதையில் ஒரு பக்கம், இரண்டையும் நகல் எடுத்து, பேனா முனையால் ஓட்டை போட்டு, சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிடம் இருவருக்கும் சிரிப்பு. அப்புறம் அவள் படிக்கத் தொடங்கினாள். ஆங்கில வரிக்கு ஐந்து தாவல், சில வரிக்கு ஆறு. வரி முடிந்ததும் இடப்பக்கம் ஒரே வீச்சு. பார்க்கவே அழகாக இருந்தது. தமிழ் வரியில் ஒன்பது, பத்து. நடுவில் இரண்டு மூன்று முறை திரும்பிப் போனது. ஒரு வரியில் நான் எண்ணிக்கையைத் தவறவிட்டேன்.

ஒரே ஒரு பெண், இரண்டே பக்கம். இது ஆய்வு ஆகாதுதான். ஆனால் ‘போர்’ என்று அவள் சொன்னது கதையைப் பற்றி அல்ல என்பது அந்த ஓட்டை வழியாகத் தெரிந்தது. கதையை அவள் எட்டவே இல்லை.

அவளுக்குத் தமிழ் தெரியாதா? நன்றாகத் தெரியும். வாய் ஓயாது. ஆனால் அவள் பேசுவது ‘போய்ட்டு இருக்காங்க’; புத்தகம் சொல்வது ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’. காதுக்குப் பழகிய சொல்லும் கண் பார்க்கிற சொல்லும் வேறு. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு அந்த இரண்டையும் இணைக்கப் பழகினாள். அதன் பிறகு மலாய்வழி இடைநிலைப்பள்ளி; தமிழ் வாரத்துக்குச் சில பாடவேளை. மலேசியாவில் தமிழ் வகுப்பு முதலில் தொடங்கியதே இங்கே, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில், 1816-இல்தான் என்பார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நிற்கிறது. கண் தாவப் பழகி ஓடத் தொடங்குகிற வயதில் பாதை முடிந்துவிடுகிறது.

வாசிப்பை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986-இல் ஒரு கட்டுரையில் விளக்கிய சுழல் இதுதான். எளிதாகப் படிக்கிற பிள்ளை நிறையப் படிக்கிறது. நிறையப் படிப்பதால் சொல்வளம் கூடி, இன்னும் எளிதாகிறது. திக்குகிற பிள்ளை குறைவாகப் படிக்கிறது. இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிறது. உள்ளவனுக்குக் கொடுக்கப்படும், இல்லாதவனிடமிருந்து உள்ளதும் எடுக்கப்படும் என்ற பைபிள் வசனத்தை வைத்து இதற்கு மத்தேயு விளைவு என்று பெயர். என் மகள் ஒரே தலைக்குள் இரண்டு பிள்ளையாகவும் இருக்கிறாள்: ஆங்கிலத்தில் உள்ளவள், தமிழில் இல்லாதவள்.

மூளைக்குள் இதற்கென்று ஓர் இடமே உண்டு. 1892-இல் பிரெஞ்சு மருத்துவர் டெஜரின் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் ஒரு சொல்லும் படிக்க முடியவில்லை. பேச்சு சரியாக இருந்தது, ஆட்களும் பொருள்களும் தெரிந்தன, எண்களைக்கூடப் படித்தார். எழுதவும் முடிந்தது, தான் எழுதியதைத்தான் படிக்க முடியவில்லை. இடது பக்கத்தில், மூளையின் அடிப்பாகத்தில் பின்புறமாக, எழுத்துகளை அடையாளம் காணும் சின்னப் பகுதி ஒன்று இருப்பதை நூறு ஆண்டு கழித்து ஸ்கேன் கருவிகள் காட்டின. தமிழானாலும் சீனமானாலும் ஹீப்ருவானாலும் ஏறத்தாழ அதே இடம். எழுத்து என்பதே ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுச் சமாச்சாரம். அதற்காக மூளை பரிணமித்திருக்க நேரமே இல்லை. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண இருந்த இடத்தில் ஒரு பகுதியைப் படிப்பு தனக்கென்று மாற்றிக்கொள்கிறது. போர்ச்சுகல், பிரேசில் மக்களை வைத்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், பெரியவரான பிறகு எழுத்து கற்றவர்களிடமும் இந்த மாற்றம் தெரிந்தது. சௌராஸ்தா மாடியில் மூன்று பக்கத்தில் என் மூளை தும்பிக்கைக்கு இடம் கொடுத்ததும் அதே நெகிழ்வின் குட்டி வடிவம் என்று நினைக்கிறேன்.

எளிது என்பது எப்படிப் ‘பிடிக்கிறது’ ஆகிறது? உளவியலாளர் ராபர்ட் ஸையன்ஸ் 1968-இல் செய்த சோதனை இதில் புகழ்பெற்றது. சீன எழுத்து போன்ற வடிவங்களைச் சீனம் தெரியாத மாணவர்களுக்குக் காட்டினார், சிலவற்றை ஓரிரு முறை, சிலவற்றைப் பல முறை. இதன் பொருள் நல்லதாக இருக்குமா கெட்டதாக இருக்குமா, ஊகித்துச் சொல்லுங்கள் என்றார். அதிகம் பார்த்த வடிவத்துக்கு நல்ல பொருள் இருப்பதாகவே அவர்கள் ஊகித்தார்கள். நாற்பது வருடமாக ஜார்ஜ்டவுன் கடைப் பலகைகளில் ஒரு சீன எழுத்தும் படிக்கத் தெரியாமலே, சில எழுத்துகளைக் கண்டால் மட்டும் சொந்தக்காரரைப் பார்த்தது போல எனக்குத் தோன்றுவதன் காரணம் இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

அதற்காகப் பழகியதே பிடித்துக்கொண்டும் இருக்காது. டேனியல் பெர்லைன் 1970-இல் காட்டியது போல, புதுமை கூடக் கூட விருப்பம் ஏறி, ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்குகிறது. மிகப் பழகியது சலிக்கும், மிகப் புதியது மிரட்டும். ஒரே வகை நாவலை ஆயுள் முழுக்கப் படிப்பவர்களின் ரகசியம் இதுதான்: அச்சு பழசு, வார்ப்பு புதுசு.

என் மாமியார் குடும்பக் கதைகளின் தீவிர வாசகி. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பார். “என்ன அத்தை, சுவாரசியம் போயிடாதா?” என்றால், “யாரு சாகறா, யாரு பிழைக்கிறான்னு தெரிஞ்சாத்தானே நிம்மதியாப் படிக்க முடியும்” என்பார். நாங்கள் கேலி செய்வோம். 2011-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் பன்னிரண்டு சிறுகதைகளை வைத்துப் பார்த்தபோது, முடிவை முன்கூட்டித் தெரிந்துகொண்டவர்கள்தான் கதையைக் கொஞ்சம் கூடுதலாக ரசித்தார்கள், மர்மக் கதையிலும்கூட. பின்னால் வந்த சோதனைகளில் சில இதற்கு நேர் எதிராகவும் முடிந்தன. அதை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

அப்பா ஐம்பது வருடம் ‘தமிழ் நேசன்’ படித்தவர். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றபோது வேறு நாளிதழுக்கு மாறினார். சில வாரம் ஒரே புலம்பல், “இதில் செய்தியே இல்லை.” செய்தி இருந்தது. எங்கே இருக்கும் என்று அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. படித்த விஷயம் பக்கத்தின் எந்தப் பகுதியில் இருந்தது என்பதை, யாரும் கேட்காமலே, மூளை ஓரளவு குறித்து வைத்துக்கொள்கிறது என்பது 1971-லேயே சோதித்து அறியப்பட்டது. நிற்காமல் நழுவுகிற திரையில் அந்தக் குறிப்புக்கு இடமில்லை. தகவல் கட்டுரைகளைத் தாளில் படிப்பவர்களுக்குத் திரையில் படிப்பவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகப் புரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளை, 2018-இல் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்த வேறுபாடு இது. கதை படிப்பதில் அந்த வேறுபாடு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் பேனாவோடு வந்தாள். அவளுடைய டிராகன் நாவலிலிருந்து ஒரு பக்கத்தை அவளே நகல் எடுத்து, நடுவில் ஓட்டை போட்டு, என் கையில் கொடுத்தாள். “இப்ப நீங்க படிங்க மா, நான் எண்றேன்.”

படித்தேன். காகிதத்துக்கு அந்தப் பக்கம் அவள் கண் மட்டும் தெரிந்தது. பாதிப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“பாதி வரி நல்லா ஓடுறீங்க. ஆனா இந்தப் பேர்ங்க வர்ற இடத்துலலாம் நிக்கிறீங்க, திரும்பப் போறீங்க. இந்த ராஜா பேர்ல மட்டும் நாலு தடவை.”

ராஜாவா? நான் அதை ஊர் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.