காறைமூட்டு விலகல்: ‘தோள்பட்டை இறங்கிடுச்சு’ என்றால் எந்த மூட்டு?

பைக்கிலிருந்து விழுந்து தோள் நேராகத் தரையில் மோதியவரின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “ஏசி ஜாயிண்ட் விலகியிருக்கு” என்பார் டாக்டர். ஏசி என்றதும் குளிர்சாதனம் நினைவுக்கு வரும். வீட்டுக்குப் போவதற்குள் அது “தோள்பட்டை இறங்கிடுச்சு” என்றாகிவிடும். மேற்கை எலும்பின் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்தாலும் நாம் சொல்வது இதையேதான். ஆனால் இரண்டும் வேறு வேறு மூட்டுகள், வைத்தியமும் வேறு.

ஏசி என்பது ‘அக்ரோமியோகிளாவிகுலர்’ என்பதன் சுருக்கம். முதல் பாதி கிரேக்கம்: ‘அக்ரோஸ்’ உச்சி, ‘ஓமோஸ்’ தோள். நகரின் உச்சியான அக்ரோபோலிஸில் இருப்பதும் இந்த அக்ரோஸ்தான். தோள்பட்டை எலும்பு பின்னாலிருந்து வளைந்து வந்து தோளின் மேல் கூரைபோல முடியும் இடம் அது. தமிழில் தோளுச்சி. பின்பாதி லத்தீன்: ‘கிளாவிகுலா’ என்றால் சின்னச் சாவி. கழுத்தடியிலிருந்து தோள்வரை குறுக்கே ஓடும் எலும்பு இது. தமிழ் சாவியைத் தேடிப் போகவில்லை, கழுத்தில் அணியும் காறையைப் பார்த்துக் காறையெலும்பு என்றது. வல்லின ‘ற’ முக்கியம். ‘காரை எலும்பு’ என்று எழுதினால் சுவரில் பூசும் காரையாகிவிடும். ஆக, இது காறை–தோளுச்சி மூட்டு, சுருக்கமாகக் காறைமூட்டு. அதன் பிரிவைக் காறைமூட்டு விலகல் என்றும், பந்துக்கிண்ண மூட்டின் பிரிவைத் தோள்மூட்டு நழுவல் என்றும் தனித்தனியாகச் சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

குழப்பம் பழையது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய கிரேக்க நூலே, இந்த விலகலைத் தோள் நழுவல் என்று எண்ணிக் கையை இழுத்துக் கெடுத்த வைத்தியர்களைக் கண்டிக்கிறது. நழுவிய பந்தை முறையாக இழுத்தால் கிண்ணத்துக்குள் போய் உட்காரும். காறைமூட்டை அழுத்தினால் உட்காரும், கையை எடுத்ததும் ஆர்மோனியக் கட்டைபோல மேலே எழும்பிவிடும். பிடித்து வைக்க வேண்டிய ஜவ்வு அறுந்திருப்பதே காரணம். (அச்சில் ‘தசைநார்’ என்று வரும். இதில் தசையே இல்லை என்பதால் மக்கள் சொல்லும் ஜவ்வையே வைத்துக்கொள்கிறேன்.)

ஜவ்வு இரண்டு அடுக்கு. மூட்டைச் சுற்றியிருப்பது முன்பின் அசைவைத் தடுக்கும். கீழே, தோள்பட்டை எலும்பின் முன்பக்கம் காக்கை அலகுபோல வளைந்த ‘கோரக்காய்டு’ (அலகு முனை) முனையிலிருந்து காறையெலும்புக்கு ஏறும் இரண்டு தடித்த ஜவ்வுகளில்தான் கையின் பாரம் முழுவதும் தொங்குகிறது. அவை அறுந்தால் எக்ஸ்ரேயில் காறையெலும்பு மேலே ஏறியதுபோலத் தெரியும். உண்மையில் பெரும்பாலும் கையின் பாரத்தில் தோள்தான் கீழே போயிருக்கும். அந்த வகையில் ‘இறங்கிடுச்சு’ என்ற பேச்சுவழக்கு அச்சு அசலான உடற்கூறு.

இந்த விலகலுக்கு 1984-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ராக்வுட் வகுத்த ஆறு வகைகளே இன்றும் புழக்கத்தில் உள்ளன. அலகு முனைக்கும் காறையெலும்புக்கும் உள்ள இடைவெளி சாதாரணமாக 11–13 மி.மீ. முதல் இரண்டு வகைக்குக் கைத்தொட்டிலும் பயிற்சியும் போதும். மூன்றாம் வகையில் இடைவெளி மறுதோளைவிட 25 முதல் 100 சதவீதம் வரை கூடும். ஐந்தாவதில் இரு மடங்கையும் தாண்டும். நான்காவதில் எலும்பு பின்பக்கத் தசைக்குள் குத்தி நிற்கும். நேர் எக்ஸ்ரேயில் இது தப்பிவிடும் என்பதால் அக்குள் வழிப் படமும் எடுக்க வேண்டும். ஆறாவது மிக அரிது: எலும்பு அலகு முனைக்கு அடியில் போய்விடும். நான்கு முதல் ஆறு வரை பொதுவாக அறுவை சிகிச்சைதான். மூன்றாவதில்தான் கருத்து வேறுபாடு. 2015-இல் வெளியான கனடிய ஆய்வில், கடுமையான விலகல்களுக்கு அறுவை சிகிச்சையில் கொக்கித் தகடு (எலும்பைக் கீழே அமுக்கிப் பிடிக்கும் உலோகத் தகடு) வைத்தவர்கள் வைக்காதவர்களைவிட மேலாக இல்லை. வைக்காதவர்களே விரைவில் தேறினர். எனவே மூன்றாம் வகைக்கு உடனே கத்தி எடுக்க அவசரமில்லை.

பழைய காலத்தில் மூட்டின் குறுக்கே கம்பி செருகினார்கள். அது நகர்ந்து நுரையீரல் வரை போனதுண்டு, அதனால் கைவிடப்பட்டது. 1941-இல் பாஸ்வொர்த் என்ற அறுவை மருத்துவர் காறையெலும்பிலிருந்து அலகு முனைக்கு ஸ்க்ரூ இறக்கினார். கை உயரும்போது காறையெலும்பு சுழலும். ஸ்க்ரூ சுழற்சியைத் தடுக்கும், இல்லாவிட்டால் உடையும். அதனால் எடுத்தாக வேண்டும்.

இன்றைக்கு, அடிபட்ட மூன்று வாரத்துக்குள் அறுவை செய்யும்போது இரண்டு வழிகள் அதிகம். கொக்கித் தகட்டின் உடல் காறையெலும்பின் மேல் ஸ்க்ரூவில் நிற்கும், கொக்கி தோளுச்சிக்கு அடியில் நுழைந்து நெம்புகோல்போல எலும்பைக் கீழே அமுக்கும். பிடி உறுதியானது. ஆனால் கை ஏறும்போதெல்லாம் கொக்கி தோளுச்சியின் அடிப்புறத்தைச் சுரண்டும். விட்டுவைத்தால் குழி விழும், சில சமயம் தோளுச்சியே உடையும். ஆகவே மூன்று, நான்கு மாதத்தில் இரண்டாவது ஆபரேஷனில் தகட்டை எடுக்க வேண்டும். எடுக்கும்வரை கையைத் தோள்மட்டத்துக்கு மேல் தூக்கக் கூடாது என்பார்கள்.

மற்றது பட்டன் முறை. காறையெலும்பிலும் அலகு முனையிலும் சில மி.மீ. துளையிட்டு, கெட்டியான நூலின் இரு முனையிலும் உலோகப் பட்டன் வைத்து இறுக்குவது. வழக்கமாக அகற்ற வேண்டியதில்லை. துளை அலகு முனையின் ஓரத்துக்குப் போய்விட்டால் அது உடையும், பட்டன் பிய்த்துக்கொள்ளும், எலும்பு மீண்டும் ஏறும்.

மூன்று வாரம் கடந்தால் அறுந்த ஜவ்வின் நுனிகள் சுருங்கிவிடும். நூல் மட்டும் நெடுநாள் தாங்காது. அப்போது முழங்காலுக்குப் பின்னாலிருந்து, தசையை எலும்போடு பிணைக்கும் ஒரு தசைநாணை எடுத்து, அலகு முனையைச் சுற்றி, காறையெலும்பில் பழைய ஜவ்வு ஒட்டியிருந்த இடங்களில், வெளி நுனியிலிருந்து ஏறத்தாழ 25 மற்றும் 45 மி.மீ. தூரத்தில், பொருத்துகிறார்கள். துளை பெரிதானால் காறையெலும்பு அங்கேயே முறியும்.

எந்த முறையானாலும் கைத்தொட்டில் ஏறத்தாழ ஆறு வாரம். பளு தூக்குவது மூன்று மாதத்துக்குப் பிறகு, மோதி விளையாடுவது நான்கு முதல் ஆறு மாதம் கழித்து. தொட்டிலைச் சீக்கிரம் கழற்றிக் கையைத் தொங்கவிட்டால், முன்பு ஜவ்வை இழுத்த அதே பாரம் இப்போது நூலை இழுக்கும்.