ரப்பர் ஷீட்டுக்கு ஏறும் தண்டனை, வெட்டோத்திக்கு ஏறாது

குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ஒரு வெட்டுக்குத்து நடந்தால் டீக்கடையில் முதலில் எழும் கேள்வி இதுதான்: "அவன் மேல பழைய கேஸ் கெடக்கே, இந்த மட்டம் கூடுதல் போடுவாங்கல்லா?"

கேஸ் வேறு, தண்டனை வேறு. குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தால்தான் அது கணக்கில் வரும். நிலுவை வழக்குகளை வைத்துத் தண்டனையைத் தீர்மானிக்கக் கூடாது என்று ஒரு மரண தண்டனை வழக்கின் மறுஆய்வில் உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது.

நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டில் வெட்டு வழக்கு நடக்கிறது என்று வையுங்கள். "இவர் முன்பும் வெட்டியவர், அதனால் இதையும் செய்திருப்பார்" என்று அரசுத் தரப்பு வாதாட முடியாது. தான் நல்லவர் என்று அவரே சாட்சி வைத்தால்தான் அந்தக் கதவு திறக்கும். 'குற்றவாளி' என்று தீர்ப்பான பிறகு, தண்டனை பற்றிய விசாரணையில்தான் பழையது மேசைக்கு வருகிறது. பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகலோ, சிறை அதிகாரியின் சான்றோ வேண்டும். காகிதத்தில் இருப்பவரும் கூண்டில் நிற்பவரும் ஒரே ஆள்தான் என்றும் நிரூபிக்க வேண்டும். ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊரில் கைரேகைதான் உறுதியான துணை.

இனிதான் எனக்கு உறுத்துகிற இடம். புகைப்புரையிலிருந்து (ஷீட்டைப் புகையில் உலர்த்தும் கொட்டகை) ரப்பர் ஷீட் திருடியவருக்கு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 303(2)ன்படி, முதல் முறை அதிகபட்சம் 3 ஆண்டு. இரண்டாம் முறை குறைந்தது 1 ஆண்டு, 5 ஆண்டுவரை போகலாம். சொத்துக் குற்றத்தில் மீண்டும் சிக்குபவருக்குத் தண்டனையைக் கூட்டும் 13ஆம் பிரிவும் சேர்ந்தால் 10 ஆண்டு, ஆயுள்கூட. ஆனால் வெட்டோத்தியால் (வெட்டுக்கத்தி) ஒருவருக்குக் கொடுங்காயம் அல்லாத சாதாரணக் காயம் ஏற்படுத்தினால் அதே சட்டத்தின் 118(1): முதல் முறையும் 3 ஆண்டு, மூன்றாம் முறையும் அதே 3 ஆண்டு. வெறும் அபராதத்தோடு விடவும் சட்டத்தில் இடமுண்டு. மீண்டும் பாலியல் வன்கொடுமை செய்பவருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, வெட்டுக்கு இல்லை. 13ஆம் பிரிவு, 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவிலிருந்து வந்தது. சொத்துக்குக் கொடுத்த காவலை உடம்புக்குக் கொடுக்காத அந்தக் கணக்கை 2023இல் புதுச் சட்டம் கொண்டுவந்தபோதே திருத்தியிருக்க வேண்டும்.

அதற்காக வெட்டியவரின் பழைய தண்டனை வீணாகிவிடாது. அந்த 3 ஆண்டு வரம்புக்குள்ளே, ஆறு மாதம் கிடைக்க வேண்டியவருக்கு இரண்டு ஆண்டு கிடைக்கலாம். சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடப்பேன் என்ற உறுதியின் பேரில் முதல் குற்றவாளியை விடுகிற நன்னடத்தைப் பிணை பெரும்பாலும் கிடைக்காது. முடிவு நீதிபதியின் கையில். இருபது வருடத்துக்கு முன் வேலித் தகராறில் கை ஓங்கி, பிறகு எந்த வம்புக்கும் போகாதவரும், போன வருடம் சிறையிலிருந்து வந்து அதே ஆளை மறுபடி வெட்டியவரும் காகிதத்தில் 'முன் தண்டனை ஒன்று'தான். இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல அந்தத் தண்டனை விசாரணையை விட்டால் வேறு இடமில்லை. பல நேரம் அது "குடும்பம் இருக்குங்கய்யா, குறைச்சுப் போடுங்க" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.