தெரிந்த கதைக்கு ஏன் கண் விழிக்கிறோம்?

செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் கர்ண மோட்சம் கூத்து உண்டு. கர்ணன் சாகப்போகிறான் என்று ஊரில் தெரியாதவர் இல்லை. என் பாட்டிக்கு அதன் பாட்டுகள் மனப்பாடம். ஆனாலும் விடியும்வரை பாயில் உட்கார்ந்திருந்து, அவன் விழும்போது அழுகிறார். முடிவு தெரிந்த கதைக்கு ஏன் இந்தப் பதற்றம்?"

நாடகம் என்ற கலை எதனால் ஓடுகிறது என்பதையே இந்தக் கேள்வி தொட்டுவிடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலால்தான் ஓடுகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். துப்பறியும் கதைக்கு அது போதும். மேடைக்கு அதைவிடப் பழைய, வலுவான விசை ஒன்று இருக்கிறது: நமக்குத் தெரிந்தது அங்கே நிற்பவனுக்குத் தெரியவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு குட்டி நாடகத்தைப் பார்ப்போம். நடிப்பவை இரண்டு பொம்மைகள், சாலி, ஆன். சாலியிடம் ஒரு கூடை, ஆனிடம் ஒரு பெட்டி. சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்து மூடிவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாத நேரத்தில் ஆன் அதை எடுத்துத் தன் பெட்டியில் ஒளித்துவிடுகிறாள். சாலி திரும்பி வருகிறாள். கோலிக்குண்டை எங்கே தேடுவாள்?

கூடையில்தான் என்று நீங்கள் யோசிக்காமல் சொல்வீர்கள். மூன்று வயதுக் குழந்தையிடம் கேட்டால் பெரும்பாலும் "பெட்டியில்" என்ற பதில்தான் வரும். கோலி பெட்டியில் இருப்பது குழந்தைக்குத் தெரியும். அது சாலிக்கும் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய நான்கு வயதைத் தாண்டும்போது பதில் மாறுகிறது. ஆஸ்திரிய உளவியலாளர்கள் ஹைன்ஸ் விம்மரும் யோசப் பெர்னரும் இப்படி ஒரு சோதனையை 1983-ல் வெளியிட்டார்கள். சாலி–ஆன் வடிவத்தை 1985-ல் லண்டனில் சைமன் பரோன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் ஆகியோர் அமைத்தார்கள். பிறர் மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கையை, அது தவறானதாக இருந்தாலும், அப்படியே ஊகித்து வைத்துக்கொள்ளும் இந்தத் திறனுக்கு உளவியலில் மனக்கோட்பாடு என்று பெயர்.

என் அண்ணன் மகளுக்கு மூன்றரை வயது இருக்கும்போது இரண்டு மரப்பாச்சிகளை வைத்து இதே சோதனையைச் செய்து பார்த்தேன். கொஞ்சமும் தயங்காமல் பெட்டியைக் காட்டினாள். சில மாதங்கள் கழித்து மறுபடி கேட்டபோது கூடையைக் காட்டியதோடு நிற்கவில்லை. "பாவம், அவளுக்குத் தெரியாது" என்று பொம்மையைத் தடவிக் கொடுத்தாள். அந்தப் "பாவம்" என்ற சொல்லில் நாடகத்தின் தொடக்கம் முழுவதையும் நான் கேட்டேன். அறிவில் ஓர் இடைவெளி விழுந்ததும் அதற்குள் இரக்கம் வந்து அமர்ந்துவிட்டது.

சோதனை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். ஒருத்தி மேடையை விட்டுப் போகிறாள். அவள் இல்லாதபோது உலகம் மாறுகிறது. பழைய உலகத்தை மனத்தில் சுமந்துகொண்டு அவள் திரும்பி வருகிறாள். பாத்திரங்களின் வரவும் போக்கும் நாடகத்தில் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. போனவர் ஒருவர், இருந்து பார்த்தவர்கள் நாம். அவர் திரும்பும்போது நாம் அவரைவிட ஒரு படி அதிகம் அறிந்தவர்கள். அந்த ஒரு படிதான் நம்மை இருக்கையின் நுனிக்குத் தள்ளுகிறது.

அவலம், நகைச்சுவை என்ற பிரிவுகூட இங்கிருந்தே கிளைக்கிறது. இடைவெளி மூடும்போது கோலிக்குண்டு திரும்பக் கிடைத்தால் சிரிப்பு. கிடைக்கவே முடியாது என்றால் அழுகை. ஆள்மாறாட்டக் கதைகளில் இரட்டையர்களை ஊரே குழப்பிக்கொள்ளும்போது நாம் சிரிப்பதும், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பொய்க்கு இரையான ஒத்தெல்லோ கைக்குட்டை ஒன்றை நம்பி மனைவியைக் கொல்லும்போது துடிப்பதும் ஒரே விசையால்தான். பாணிகள் பல இருக்கலாம். பேச்சு நடையில் அமைந்த இயல்புவாத நாடகமும், கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் அணிந்து வேகமாகச் சுழன்று கிறுக்கி அடிக்கும் கூத்தும் வெளித்தோற்றத்தில் வெகு தூரம். உள்ளே இருக்கும் பொறி ஒன்று.

அந்தப் பொறி மிகக் கூர்மையாக இயங்குவதைக் காண ஏதென்ஸுக்குப் போக வேண்டும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சோபகிளிஸ் எழுதிய ஈடிபஸ் மன்னன் நாடகத்தில், தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற வாக்குக்கு அஞ்சி ஈடிபஸ் கொரிந்து நகரை விட்டு ஓடி வந்தவன். இப்போது தீப்ஸ் நகரின் அரசன். கொரிந்திலிருந்து ஒரு தூதன் வருகிறான்: உன் தந்தை இறந்துவிட்டார், நீயே அங்கும் அரசன். தாய் உயிரோடு இருக்கிறாளே, எப்படி வருவேன் என்கிறான் ஈடிபஸ். கிழத் தூதன் அவன் அச்சத்தைப் போக்க விரும்பி, நல்லெண்ணத்தோடு சொல்கிறான்: அஞ்சாதே, அவள் உன்னைப் பெற்றவள் அல்ல, மலையில் ஓர் இடையனிடமிருந்து குழந்தையாக உன்னை வாங்கியவன் நானே.

இந்தக் கணத்தில் மேடையில் மூன்று பேர். தூதனுக்குத் தான் சொன்னதன் பொருள் தெரியாது. ஈடிபஸ் தன் பிறப்பின் நூலைப் பிடித்துவிட்ட ஆர்வத்தில் கேள்விமேல் கேள்வி கேட்கிறான். நடுவில் நிற்கும் மனைவி யோகாஸ்டாவுக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. அவள் அவனைப் பெற்றவள். "மேலே கேட்காதே" என்று கெஞ்சுகிறாள். தன் குலம் தாழ்ந்ததாக இருக்குமோ என்று இவள் வெட்கப்படுகிறாள் என அவன் நினைக்கிறான். ஒரே மேடையில் மூன்று அளவு அறிவு. நான்காவதாக, முதலிலிருந்தே எல்லாம் தெரிந்த நாம். நான்கு மனங்களையும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பிடித்து வைத்திருக்கிறது நம் மூளை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மூச்சு நிற்கிறது.

கிரேக்க மேடைக்கு மூன்றாவது நடிகரைக் கொண்டுவந்தவர் சோபகிளிஸ் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அது வெறும் ஆள் கூடுதல் என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பேசுவதற்கு இரண்டு நடிகர்களே இருந்தால், இருவர் பேச மூன்றாமவர் அதைக் கேட்டுச் சிதைவதை ஒரே நேரத்தில் காட்டவே முடியாது. நிலைமை தலைகீழாகத் திரும்புவதும், அறியாமை அறிவாக மாறுவதும் ஒரே புள்ளியில் நிகழ்வதுதான் சிறந்த கட்டமைப்பு என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் சொல்லும்போது, எடுத்துக்காட்டுவதும் இந்த நாடகத்தைத்தான்.

இப்போது செய்யாற்றுக்குத் திரும்பலாம். கர்ணன் குந்தியின் மூத்த மகன். இது பாயில் இருக்கும் பாட்டிக்குத் தெரியும். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனுக்குத் தெரியும். கண்ணனுக்குத் தெரியும். போருக்கு முன்பே குந்தி வந்து சொன்னதால் கர்ணனுக்கும் தெரியும். குலம் தெரியாதவன் என்று கணவனை இகழ்ந்திருந்த பொன்னுருவிக்குத் தெரியாமல் இருந்தது. அம்பைத் தொடுக்கும் அருச்சுனனுக்குத் தெரியவே தெரியாது. ஈடிபஸ் கதையில் அறியாதவன் வீழ்கிறான். இங்கே அறியாதவன் வெல்கிறான், அறிந்தவன் விழுகிறான். குந்தி ஓடிவந்து கர்ணனை மடியில் போட்டுக் கதறும்போதுதான் பாண்டவர்களின் உலகம் நம் உலகத்தோடு வந்து சேர்கிறது. பாட்டி அழுவது கர்ணன் இறந்ததற்காக மட்டும் அல்ல. இரவு முழுவதும் தாம் சுமந்த ஒன்றை அருச்சுனனும் சுமக்கத் தொடங்கும் நொடி அது. கதை தெரியாதவருக்கு அந்த அழுகை முழுதாகக் கிடைக்காது.

நாடகத்தின் ஐந்து பகுதிகள் என்றதும் கல்லூரிகளில் 1863-ல் வெளியான ஜெர்மானியர் குஸ்டாவ் ஃபிரைடாக்கின் நூலிலுள்ள, கதை ஏறி உச்சம் தொட்டு இறங்குவதைக் காட்டும் முக்கோணத்தை வரைகிறார்கள். வரையட்டும். ஆனால் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் சொல்லும் ஐந்து சந்திகளையும், அதாவது கதை வளரும் ஐந்து கட்டங்களையும், அதன் பக்கத்தில் எழுத வேண்டாமா? முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முதலாவது; இலைவிட்டு நாற்றாவது இரண்டாவது; கதிரைத் தன்னுள்ளே பொதிந்து கருக்கொண்டு நிற்பது மூன்றாவது; கதிர் வெளிப்பட்டு முற்றி விளைவது நான்காவது; அறுத்துப் போரடித்துத் தூற்றிக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது ஐந்தாவது. வடமொழி நாட்டிய நூலிலும் சந்திகள் ஐந்துதான். நெற்பயிராக அவற்றை விளக்கும் இந்த உரை எனக்கு மிகவும் பிடித்தது, அதிலும் கருப்பம். சூல் கொண்ட பயிரில் கதிர் இருப்பது உழவனுக்குத் தெரியும், வழியில் போகிறவனுக்குத் தெரியாது. கூத்தின் பார்வையாளர்கள் எல்லோரும் அந்த உழவர்கள்.

முடிவை முன்பே சொன்னால் சுவை குறையுமா என்று ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 12 சிறுகதைகளைக் கொண்டு செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முடிவு தெரிந்து படித்தவர்களே கதைகளை அதிகம் விரும்பினார்கள். 2015-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதற்கு எதிராகச் சொன்னது. இரண்டுமே தனியாக உட்கார்ந்து சிறுகதை படித்தவர்களைப் பற்றியவை. ஒரே கதையை ஐம்பது ஆண்டுகளாக, ஊரோடு சேர்ந்து, விடியும்வரை பார்த்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பங்குனி தொடங்கி ஆடி வரை வட தமிழ்நாட்டில் நடக்கும் கூத்துகளைப் போன்ற ஆய்வுக்களம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. கூத்தை ஆவணப்படுத்தப் பணம் ஒதுக்குவது நல்லது; பார்ப்பவரின் இதயத்துடிப்பையும் மூச்சையும் அளக்க ஓர் உளவியல் துறைக்குச் சிறு தொகை ஒதுக்குவதும் அதே அளவுக்கு அவசியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மனப்பாடமாகப் பாட்டுத் தெரிந்த அந்தத் தலைமுறை நெடுநாள் காத்திருக்காது.

கடிதம் எழுதிய வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு கர்ணன் விழப்போகும் நேரத்தில் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாட்டியின் முகத்தைப் பாருங்கள். அவர் கண் கலங்குவது அம்பு படும்போதா, குந்தி ஓடிவரும்போதா, அருச்சுனன் தலை நிமிரும்போதா என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.