25 போய் 40 வந்தது: கடிகாரம் யார் கையில்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். அதில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று ஆட்டக் கடிகாரம்: 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. மற்றது ப்ளே கிளாக். பந்தை முன்னே கொண்டுபோகும் ஒரு முயற்சி முடிந்தபின் அடுத்ததைத் தொடங்க, பந்து வைத்திருக்கும் அணிக்குத் தரும் கெடு அது. தவறினால் 5 யார்டு பின்னால் போக வேண்டும்.

2007 வரை கெடு 25 விநாடி. நடுவர் பந்தைப் புல்லில் வைத்து, 'தயார்' என்று விசில் ஊதிய பிறகுதான் எண்ணிக்கை தொடங்கும். குவிந்து கிடக்கும் ஆட்களை எழுப்பி, அடியில் இருக்கும் பந்தை உருவி, இடம் பார்த்து வைக்கும் நேரம் கெடுவில் சேராது. அது நடுவரின் சுறுசுறுப்பைப் பொறுத்தது. 2008இல், கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்சிஏஏ அமைப்பு இதை மாற்றியது. முயற்சி முடிந்த உடனே 40 விநாடி ஓடத் தொடங்கிவிடும். டைம் அவுட், பெனால்டி, பந்து கைமாறுதல் போன்றவற்றுக்குப் பின் மட்டும் பழைய 25.

பந்தை எடுத்து வைக்க ஒரு பதினைந்து விநாடி ஆகும் என்றால் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதானே? ஒன்றுதான். ஆனால் நடுவர் கையில் இருந்த நேரம் அணியின் கைக்கு வந்துவிட்டது.

ஆட்டம் முடியப்போகிறது, முன்னிலையில் இருக்கும் அணியிடம் பந்து, கடிகாரத்தை நிறுத்த எதிரணியிடம் டைம் அவுட் மிச்சமில்லை என்று வைத்துக்கொள்வோம். தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி அப்படியே ஒரு முட்டி போடுவார். முயற்சி முடிந்தது, ஆட்டக் கடிகாரமோ நிற்காது. ப்ளே கிளாக் 3, 2 என்று இறங்கும்வரை சும்மா நின்றுவிட்டு, மறுபடி ஒரு முட்டி. மூன்று முறை செய்தால் கிட்டத்தட்ட 120 விநாடி காலி. முன்பு இந்தக் கணக்கில் நடுவரின் வேகத்தையும் உத்தேசமாகச் சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது விரல் விட்டே எண்ணிவிடலாம்.

சரி, இது மெதுவாக ஆடுபவர்களுக்கான வசதி. உண்மையில் கொழுத்த லாபம் வேகக்காரர்களுக்குத்தான். நடுவர் பந்தை வைத்து விலகிவிட்டால் போதும், விசிலுக்குக் காத்திருக்காமல் ஆடலாம். சிப் கெல்லி பயிற்சியளித்த ஓரிகன் அணி, முயற்சிகளுக்கு நடுவே கூடிப் பேசுவதையே விட்டுவிட்டது. மைதான ஓரத்தில் படங்கள் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். வீரர்களுக்கு அதுவே கட்டளை. தாக்கும் அணி ஆள் மாற்றினால்தான் தடுக்கும் அணிக்கும் மாற்ற அவகாசம் கிடைக்கும். ஓரிகன் மாற்றாது. எதிரே நிற்கும் கனத்த ஆட்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்க, அடுத்த பந்து கிளம்பிவிடும். 2011 ஜனவரியில் இந்த அணி தேசிய இறுதிப் போட்டி வரை போய், ஆபர்ன் அணியிடம் 22-19 என்று தோற்றது.

புகார் கிளம்பாமல் இருக்குமா? முதல் 10 விநாடிக்குள் பந்தைக் கிளப்பக் கூடாது என்று 2014இல் ஒரு விதியை முன்மொழிந்தார்கள். வீரர்களின் பாதுகாப்புக்காக என்றார்கள். எதிர்ப்பு வலுத்ததால் அது கிடப்பில் போனது. அவசரப்பட்டு ஆடும் அணிக்கு அதில் வைத்திருந்த தண்டனை 5 யார்டு. எந்தக் குற்றத்துக்குத் தெரியுமா? 'ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்கு'.