பூட்டு இருக்கிறது, சாவி யாரிடம்?

தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில், குடும்பத்தார் மாத்திரைச் சீட்டையும் அடுத்து வரவேண்டிய தேதியையும் கேட்பார்கள். நான் அவர்களிடம் கேட்பது வேறு: "பூச்சிமருந்து வீட்ல எங்க இருக்கு? பெரியவங்க மாத்திரை எல்லாம் யார் கையில?" பெரும்பாலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு யாராவது ஒருவர், "மாட்டுக் கொட்டாய்ல கெடக்கும் டாக்டர்" என்பார்.

டெல்டா பக்கம் மனநல மருத்துவம் பார்க்கும் எனக்கு, இந்தக் கேள்வியும் சிகிச்சைதான். உயிரை விட்டுவிடலாம் என்ற வேகம் பலருக்கு உச்சத்தில் இருப்பது சில நிமிடங்கள், மிஞ்சினால் சில மணி நேரம். வீட்டுச் சண்டை, கடன்காரர் போன், கூடவே குடி. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே பலர் பிழைக்கிறார்கள்.

"சாகணும்னு நெனச்சவன் வேற வழி தேட மாட்டானா?" என்று கேட்காத குடும்பம் குறைவு. அவர்களுக்கு இலங்கையைச் சொல்வேன். 1995-இல் அங்கே லட்சம் பேரில் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அந்த ஆண்டில் தொடங்கி, மிகக் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 20 ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. கடனும் குடியும் ஒழிந்துவிடவில்லை. போர்கூட 2009 வரை நடந்தது. விளைச்சலும் குறையவில்லை. வேறு வழி தேடியவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலோர் தேடவில்லை.

அப்படியானால் வீட்டிலேயே ஒரு பெட்டியில் பூட்டி வைத்தால் போதுமா? அதையும் இலங்கையிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அநுராதபுரம் மாவட்டத்தில் 53,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் பெரிய ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள், மீதிக்குக் கொடுக்கவில்லை. 2017-இல் வந்த முடிவு: பூச்சிமருந்து குடித்தவர்களின் எண்ணிக்கையில் இரண்டு பக்கமும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. நம் வீடுகளில் சாவி எங்கே தொங்கும்? காலண்டர் ஆணியில்தானே. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் மனநல மருத்துவர் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் தற்கொலைத் தடுப்பில் வேலை செய்யும் சினேகா அமைப்பினரும் முயன்றது வேறு வழி. பூச்சிமருந்தை வீட்டை விட்டே வெளியேற்றி, ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில் ஆளுக்கொரு பெட்டி வைத்தார்கள். விவசாயி தனியாகத் திறக்க முடியாது, பொறுப்பாளரும் வரவேண்டும். நான் கேட்பதும் அதுதான்: பூட்ட வேண்டாம், வெளியே கொண்டுபோங்கள். பங்காளி வீட்டிலோ வாங்கின கடையிலோ கொடுத்துவையுங்கள். மிச்சம் சேராதபடி, தெளிக்கிற அன்று தேவையான அளவு மட்டும் வாங்குங்கள்.

குடும்பத்தார் இதைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாமல் செய்ய நினைக்கிறார்கள். கேட்டால் ஞாபகப்படுத்தின மாதிரி ஆகிவிடுமாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தன் பாரத்தை இறக்க ஒரு வாசல் கிடைத்தது என்றே பலர் உணர்கிறார்கள். ஆகவே அவரை உட்கார வைத்துக்கொண்டே பேசுகிறேன். "தம்பி, உன்மேல சந்தேகம் இல்ல. மறுபடி அந்த மாதிரி ஒரு ராத்திரி வந்தா, அது உன் கைக்குக் கிடைக்கக் கூடாது. யாருகிட்ட கொடுத்து வைக்கலாம், நீயே சொல்லு." ஆளை அவரே சொல்லும்போது மறுப்பு அநேகமாக இருக்காது. சண்டை யாரோடு நடந்ததோ அவரிடம் அதைக் கொடுத்துவைக்கக் கூடாது; அதை மட்டும் கவனித்துக்கொள்வேன். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிச்சிட்டு போன் பண்ணுங்க" என்பேன். நாளைக்கு என்றால் நடக்காது.

மாத்திரை விஷயத்தில் வீடுகள் இன்னும் அலட்சியம். இறந்துபோன பாட்டியின் மாத்திரைகள்கூட பீரோவில் இருக்கும். எங்களிடம் கொண்டுவந்து கொடுங்கள், அழித்துவிடுகிறோம். ஆபத்தான காலத்தில் ஒரு மாதத்துக்கு எழுதாமல் வாரத்துக்கு எழுதித் தருவேன். பஸ் காசு தண்டம் என்று திட்டுவார்கள், திட்டட்டும். பிரிட்டனில் 1998-இல் சாதாரண வலி மாத்திரையையே சிறிய அட்டைகளில்தான் விற்கலாம் என்று சட்டம் போட்டார்கள். அதன் பிறகு அந்த மாத்திரையால் நேர்ந்த மரணங்கள் குறைந்தன.

துப்பாக்கி இருக்கும் வீடு நம் பக்கம் குறைவு. முன்னாள் ராணுவத்தினர், வங்கிக் காவலர்கள் சிலரிடம் உண்டு. தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது வழக்கம். வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருக்கும்போதும் அதையே செய்யலாம். இஸ்ரேல் ராணுவம் 2006-இல், வார விடுமுறைக்குப் போகும் வீரர்கள் ஆயுதத்தை முகாமிலேயே விட்டுப் போகச் சொன்னது. தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன.

வெளியே கொடுத்துவைத்ததை எப்போது வீட்டுக்குத் திரும்ப எடுத்து வரலாம்? "இப்ப நல்லா சிரிக்கிறான் டாக்டர்" என்று மூன்றாம் வாரமே வருவார்கள். அதை ரிவ்யூவில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். சில வீடுகளுக்கு நான் சம்மதிப்பதே இல்லை. நடுவில் மனம் தடுமாறினால் 14416-ஐக் கூப்பிடுங்கள்; அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. எதையாவது விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, அந்தப் பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.