புதுசு மாதிரி இருக்கும் பழைய வாட்ச்

போன வாரமும் பழுது பார்க்க என்னிடம் ஒரு வாட்ச் வந்தது. எச்.எம்.டி. ஜனதா. ஆரஞ்சு நிற டயல், கறுப்பு முட்கள், புதுக் கண்ணாடி. இணையத்தில் வாங்கிய தம்பி, கீ கொடுத்தால் அரை நாளில் நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தார். டயலில் 'ஆட்டோமேட்டிக்', அதாவது கை அசைவிலேயே கீ ஏறும் வகை, என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருப்பதோ கையால் கீ கொடுக்கும் மெஷின், அதுவும் இரண்டு மூன்று வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது. "ஒரிஜினல்னுதான் சார் சொன்னாங்க. பார்க்கவும் புதுசு மாதிரியே இருந்துச்சு" என்றார்.

இந்தப் 'புதுசு மாதிரி' என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். ஐம்பது வயது டயல் புதுசு மாதிரி இருக்காது. டயல் என்பது மெல்லிய பித்தளைத் தகடு. அதன்மேல் முலாமோ வண்ணமோ பூசி, எழுத்துகளை அச்சிட்டு, மேலே வார்னிஷ் கொடுத்திருப்பார்கள். அந்த வார்னிஷ் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் காலப்போக்கில் மஞ்சளாகும். கையில் கட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம்: வியர்வை, கடற்காற்று, காய்ந்துபோன வாஷர். பெரும்பாலும் கீ நுழையும் மூன்று மணிப் பக்கத்திலும் விளிம்பிலும் புள்ளிகள் முதலில் விழும். வெள்ளை டயல் தந்த நிறமாகும், கறுப்பு டயல் சில சமயம் பழுப்பாகும். இதெல்லாம் குறையல்ல, வயது. வாடிக்கையாளர்கள் என்ன செய்கிறார்கள்? இப்படி நேர்மையாக வயதான வாட்ச்சை 'அழுக்கா இருக்கு' என்று ஒதுக்கிவிட்டு, பட்டறையில் பெயின்ட் அடித்ததற்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். விற்காமல் கடையிலேயே தங்கிய பழைய சரக்கு எப்போதாவது கிடைக்கும், மறுக்கவில்லை. அது ஊதா நிறத்திலும் கிளிப்பச்சையிலும் வாரம் பத்து வராது.

பழைய டயலுக்கு மீண்டும் பெயின்ட் அடிக்கும் இந்த மறுபூச்சு வேலை மோசடியாகத் தொடங்கியதல்ல. நம் ஈரப்பதத்தில் டயல் கெட்டுப்போகும். புது டயலும் கிடைக்காது. சொந்தக்காரர் தொடர்ந்து கட்டிக்கொள்ள வேண்டுமே என்று அடித்துக்கொடுத்தார்கள். அதையே 'ஒரிஜினல்' என்று விற்பதுதான் தவறு. ஃபாவர் லூபா, வெஸ்ட் எண்ட், கேமி, சைக்கோ 5, எச்.எம்.டி. என்று எந்த பிராண்டையும் விட்டுவைக்கவில்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த வகைக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2014இல் வந்ததும், அந்த வாட்ச்களைத் தேடி ஆட்கள் அலைந்தார்கள். தேடுகிறவர்கள் கூடினால் பல வாட்ச்களின் பாகங்களைக் கலந்து கட்டியவையும் கூடத்தான் செய்யும்.

வாங்குவதற்கு முன் பத்து மடங்கு பெருக்கும் ஐ கிளாஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதிக விலையில்லை. முதலில் எழுத்துகளைப் பாருங்கள். ஆலை அச்சில் விளிம்பு கூர்மையாக இருக்கும். பட்டறை அச்சில் மை பரவி, ஒரே சொல்லில் ஓர் எழுத்து தடித்தும் இன்னொன்று மெலிந்தும் நிற்கும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளின் நடுவில் சரியாக வந்து சேர்கின்றனவா? தேதி ஜன்னலின் ஓரத்தில் பெயின்ட் தடிமனாக வழிந்திருக்கிறதா? சுவிஸ் வாட்ச்களில் ஆறு மணிக்குக் கீழே, டயலின் கடைசி விளிம்பில் 'சுவிஸ் மேட்' என்றோ 'சுவிஸ்' என்றோ பொடி எழுத்தில் இருக்கும். மறுபூச்சில் அது காணாமல் போயிருக்கும், அல்லது பெரிதாகி மேலே ஏறியிருக்கும்.

முட்களின் நீளமும் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான மாடல்களில் நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொடும். பாதியிலேயே நின்றால் அது வேறொரு வாட்ச்சின் முள்.

சைக்கோவில் இன்னும் எளிது. பின்மூடியில் 6309 என்று தொடங்கும் மாடல் எண் இருந்தால், டயலின் அடி விளிம்பில் உள்ள பொடி எண்ணும் 6309 என்றே தொடங்க வேண்டும். 7009 என்றிருந்தால் டயல் மாறியிருக்கிறது. வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். நவம்பருக்கு மட்டும் N என்ற எழுத்து வரும்; 3N என்று தொடங்கினால் 3இல் முடியும் ஆண்டின் நவம்பர். 6309 மெஷின் 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் வந்தது. ஆகவே அது 1983. விற்பவர் அதையே '1960 மாடல்' என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

'ஓடுது சார்' என்பதையும் சான்றாக எடுக்காதீர்கள். எண்ணெய் காய்ந்து பல்சக்கர அச்சுகள் தேய்ந்துகொண்டிருக்கும்போதும் வாட்ச் ஓடத்தான் செய்யும். பின்மூடியைத் திறந்து மெஷினின் படம் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். ஸ்குரூக்களின் வாய் சிதைந்திருந்தால் வேலை தெரியாத கை நுழைந்திருக்கிறது. கீ தண்டுப் பக்கம் துரு இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மேலே துடைத்துப் பளிச்சென்று காட்டினாலும் டயலுக்கு அடியில் துரு இருக்கும். டைம்கிராஃபர் என்ற, வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி உள்ள கடையில் போடச் சொல்லுங்கள். முழுக் கீ கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்து அளக்கும்போது, பேலன்ஸ் என்ற ஊசலாடும் சக்கரத்தின் ஆம்பிளிட்யூட், அதாவது ஆட்டத்தின் அளவு, 270 டிகிரிக்கு மேல் வந்தால் நல்லது. 200க்குக் கீழே போனால் சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தினம் பல நிமிடம் முந்துகிறதா? பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கலாம். அதை இறக்குவது சில நொடி வேலை, அதற்காக நல்ல வாட்ச்சைத் தள்ளிவிடாதீர்கள். கண்ணாடி மாற்றியிருந்தாலும் கவலை வேண்டாம். பிளாஸ்டிக் கண்ணாடி மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டது.

வாட்ச்சின் வெளிக்கூடான கேஸில் முலாம் தேய்ந்து, ஸ்ட்ராப் மாட்டும் காதுகளில் பித்தளை தெரிகிறதா என்று பாருங்கள். பின்மூடியில் 'ஸ்டீல் பேக்' என்றிருந்தால் மூடி மட்டுமே ஸ்டீல். பழைய கேஸில் 'வாட்டர் ப்ரூஃப்' என்று எழுதியிருப்பதை நம்பிக் குழாயடியில் கை நீட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 1960களுக்கு முந்தைய வாட்ச்களில் முள்ளிலும் எண்களிலும் பூசிய ஒளிப்பூச்சு நிஜ ரேடியமாகவே இருக்கக்கூடும். இருட்டில் ஒளிராததால் அது செத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். செத்தது உடனிருந்த ஒளிரும் பொருள். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. வீட்டில் வாட்ச்சைத் திறந்து அந்தப் பூச்சைச் சுரண்டாதீர்கள், பொடியை ஊதாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். பிறகு வந்த டிரிட்டியம் பூச்சு, டயலின் அடி விளிம்பில் 'சுவிஸ்' என்ற சொல்லுக்கு இருபுறமும் 'T' எழுத்தோடு வரும். அதன் அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம், இப்போது மங்கித்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட டயல் பச்சையாக நெடுநேரம் ஜொலித்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள்.

தாத்தாவின் வாட்ச்சைக் கொண்டுவந்து "டயலைப் புதுசா அடிச்சுக் குடுங்க" என்று கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மெஷினைக் கழுவி எண்ணெய் போடலாம், உடைந்த மெயின் ஸ்பிரிங்கை மாற்றலாம், பேலன்ஸின் அச்சான பேலன்ஸ் ஸ்டாஃபைக்கூடத் தேடிப் போடலாம். சுரண்டி எடுத்த டயலை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியாது. மறுபூச்சில் முதல் வேலையே பழைய அச்சை முழுக்க வழிப்பதுதான். டயல் உரிந்து முட்களைத் தடுக்கிறது என்றால், அதே மாடலின் வேறு டயலைத் தேடிப் பொருத்தச் சொல்லுங்கள். கழற்றிய டயலைக் கடையில் விட்டுவிடாமல், முட்களோடு சேர்த்து ஒரு காகித உறையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.