வளவுக்குப் பெரியாள் எந்த நாய்?

வன்னியில் ஒரேயொரு நாயோடு நிற்கும் வளவு குறைவு. காட்டோரக் காணி என்றால் பன்றிக்கும் குரங்குக்கும் இரண்டு மூன்றாவது வேண்டும். அவற்றில் ஒன்று எப்படியும் பெரியாள் ஆகிவிடும். மற்றவற்றைச் சட்டிக்குக் கிட்ட விடாது, படலையில் ஆள் தெரிந்தால் முதலில் ஓடிப்போய் நிற்கும், சில வேளை சோறு வைத்தவரைப் பார்த்தே உறுமும். "அது தான்தான் வீட்டுக்குத் தலைவர் எண்டு நினைக்குது. நாலு போட்டால் சரிவரும்" என்பார் பக்கத்து வளவு அண்ணை. நாலு போடப் போய்க் கையில் தையல் வாங்கியவர்களும் ஊரில் உண்டு.

இந்தத் தலைவர் கதை ஓநாயிடமிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து ருடோல்ஃப் ஷெங்கல் 1947இல் ஓர் ஆய்வு எழுதினார். ஓநாய்கள் முதலிடத்துக்காக ஓயாமல் மோதுகின்றன என்பது அதன் சாரம். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய புத்தகம் வழியாக அந்தக் கருத்து உலகெங்கும் பரவியது. பிறகு அதே மீச், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகாலங்களைக் கழித்தார். அங்கே கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவற்றின் பிள்ளைகள். முன்னால் போவது பெற்றோர், அவ்வளவுதான். 1999இல் தன் பழைய விளக்கத்தைத் தானே திருத்தி எழுதினார். உறவில்லாத ஓநாய்களை ஒரே வேலிக்குள் அடைத்தால் அடிபடாமல் என்ன செய்யும்? ஆனால் நாய் பழக்குபவர்கள் அந்தத் திருத்தத்தை வாசித்ததாகத் தெரியவில்லை.

அப்படியென்றால் நாய்களுக்குள் மேல் கீழ் இல்லையா? இருக்கிறது. ரோம் நகர ஓரத்தில் கட்டாக்காலியாகத் திரிந்த ஒரு நாய்க் கூட்டத்தைப் பற்றி இத்தாலிய ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். வயதில் மூத்தவை இளையவற்றுக்கு மேலாகவும், கடுவன்கள் பெட்டைகளுக்கு மேலாகவும் நின்றன. அந்த வரிசை தெளிவாகத் தெரிந்தது உறுமலிலும் கடியிலும் அல்ல, பணிந்து போவதில்தான். மேலே நிற்கும் நாயைவிட, விலகிக்கொடுக்கும் நாயைப் பார்த்தால்தான் ஒழுங்கு புரியும்.

இதை நம் குசினிப் பின்பக்கத்திலேயே பார்க்கலாம். மத்தியானம் மிச்சச் சோற்றையும் மீன்தலையையும் சட்டியில் கொட்டுகிறீர்கள். சின்ன நாய் கிட்ட வந்ததும் பெரிய கடுவன் மெல்லுவதை நிறுத்தும். உடம்பு விறைக்கும். தலை சட்டிக்குள் இன்னும் கொஞ்சம் தாழும். தலை திரும்பாமல் கண் மட்டும் பக்கவாட்டில் போகும், வெள்ளை விழியின் ஓரம் தெரியும். சின்னது காதைப் பின்னுக்கு மடித்து, முதுகைத் தாழ்த்தி, தன் மூக்கை ஒருக்கா நக்கிவிட்டு, தாழ்ந்த வாலை இடுப்போடு சேர்த்து ஆட்டியபடி விலகும். சத்தமே இல்லாமல் விஷயம் முடிந்துவிட்டது. இரண்டு நொடி இருக்கும், அவ்வளவுதான்.

அதே கடுவன் பின்னேரம் சாம்பல் குவியலில் படுக்கப் போகும். அங்கே கிழட்டுப் பெட்டை ஏற்கெனவே சுருண்டிருக்கும். அது உதட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கினால் போதும், கடுவன் வேறெங்கோ பார்ப்பதுபோலத் திரும்பிப் போய்விடும். மீன்தலைக்குப் பெரியாள் படுக்கைக்குப் பெரியாள் இல்லை. அடக்கியாளும் தன்மை ஒரு நாயின் இரத்தத்தில் ஊறிய குணம் என்பதைவிட, எந்த இரண்டு நாய்களுக்கு நடுவில், எந்தப் பொருளுக்காக என்று கேட்பதே சரி.

மனிதரைப் பார்த்து உறுமும் நாயிடமும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். குட்டியாக இருக்கும்போது விளையாட்டுக்கு எலும்பைப் பிடுங்கினோம். தின்னும்போது சட்டிக்குள் கையை விட்டு 'பழக்கினோம்'. ஆள் கிட்ட வந்தால் சாப்பாடு போகும் என்று அது படித்துவிட்டது. ஒரு நாள் உறுமியது, நாம் பின்வாங்கினோம். உறுமினால் வேலை நடக்கும் என்பது அடுத்த பாடம். இதற்கு மேல் தடியும் வந்தால், ஆள் வந்தால் சாப்பாடும் போகும், அடியும் விழும் என்றாகிறது. அமெரிக்காவில் 140 நாய் வளர்ப்பவர்களிடம் விபரம் கேட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதமானோர் நாய் பதிலுக்குச் சீறியதாகச் சொன்னார்கள். நாயை மல்லாக்கப் புரட்டி அமுக்குவது சிலருக்குப் பெரிய வித்தை. அதிலும் 31 சதவீதம்.

உறுமலை அடித்து நிறுத்தவும் முடியும். அப்போது பயம் போகாது, அறிவிப்புத்தான் போகும். பிறகு அந்த நாய் சொல்லாமல் கடிக்கும்.

படித்ததை மாற்றிப் படிப்பிக்க வேண்டும். நாய் தின்னும்போது, அது விறைக்காத தூரத்தில் நின்று ஒரு கருவாட்டுத் துண்டை எறிந்துவிட்டுப் போங்கள். அடுத்த நாளும் அப்படியே. ஆள் வந்தால் இருப்பது போகாது, இன்னும் நல்லது வரும் என்று அதற்குப் பிடிபட்ட பிறகு தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். வாயில் கவ்வியதை வாங்கவும் இதே பண்டமாற்றுத்தான். நாய்கள் பல என்றால் ஒரே சட்டியில் கொட்டாமல், ஒன்றுக்கொன்று தெரியாத மூலைகளில் வையுங்கள். பாதிச் சண்டை அதிலேயே குறையும். பிள்ளைகளை அந்த நேரம் கிட்ட விடவே வேண்டாம். சங்கிலியில் நாள் முழுக்கக் கிடக்கும் நாய்க்கு விலகிப்போக வழியில்லை, அதற்கு மிஞ்சுவது பல்தான். கருத்தடை செய்தால் கடுவன் ஊர்சுற்றுவது குறையும். சட்டியைக் காக்கும் பழக்கம் அதனால் மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம், இத்தனை காலமும் சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால் அதைத் தலைமைப் போட்டி என்று எண்ண வேண்டாம். காதில் புண், மூட்டு நோவு, உண்ணியால் வந்த காய்ச்சல் என்று ஏதோ ஒன்று இருக்கலாம், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். விசர் நோயின் தொடக்கமும் இப்படியே இருக்கலாம். மனிதரில் அதன் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே கடித்தது வீட்டு நாயே என்றாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொன்றுவிடவும் கூடாது. நாய் உயிரோடு இருக்கிறதா, போன ஊசி எப்போது போட்டது என்று வைத்தியர் கேட்பார்.